நீமி வீட்டார் துணை கேட்பதில்லை

ஆல்டர் பே துறைமுகத்தில் நண்டு பிடிக்கிறவர்கள் எதையும் வெட்கமில்லாமல் கேட்பார்கள். பக்கத்துப் படகில் காப்பித்தூள் கேட்பார்கள், இரவல் கயிறு கேட்பார்கள், போன மாதம் வாங்கிய சுத்தியலைத் திருப்பித் தராமலே இன்னொரு சுத்தியல் கேட்பார்கள். ஒன்றை மட்டும் கேட்க நாக்கு எழாது. முகத்துவாரத்தில் அலை உடைகிற நாளில் கடலோரக் காவல்படையை ரேடியோவில் கூப்பிட்டு, துணைக்கு வாருங்கள் என்று கேட்பதுதான் அது. கேட்டால் போதும், மீட்புப் படகு வெளியே வரும், அலை அடங்கும் நேரம் பார்த்துச் சொல்லும், பின்னாலேயே வந்து கரை சேர்க்கும். ஆனால் அது பொது அலைவரிசை. ஊரே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். கேட்டவனை அடுத்த ஒரு மாசம் மதுக்கடையில் வைத்து உரித்து உப்புத் தடவிவிடுவார்கள்.

மற்றவர்களே இப்படியென்றால் எய்னோ நீமி கேட்பானா? அவன் அப்பா ஆர்வோ நீமி இருபத்து மூன்று வருஷம் அந்த மீட்புப் படகையே ஓட்டியவர். நாற்பத்தெட்டுப் பேரைத் தண்ணீரிலிருந்து உயிரோடு இழுத்து வந்தவர். காவல்படை நிலையத்துச் சாப்பாட்டு அறையில் அவர் படம் தொங்குகிறது, துறைமுகத் தெருவுக்கு அவர் பேர். ஓய்வு பெற்ற பிறகாவது சும்மா இருந்தாரா? 'பெலிகன்' என்று ஒரு நண்டுப் படகை வாங்கிக்கொண்டு இன்னும் ஒன்பது வருஷம் அதே முகத்துவாரத்தில் போய் வந்தார். கடல் விட்டுவைத்த அந்த மனிதர், மூன்று வருஷம் முன்னால், சொந்தக் கட்டிலில், தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். அலாஸ்கா கப்பல்களில் வேலை பார்த்துக்கொண்டிருந்த எய்னோ அடக்கத்துக்கு வந்தான், 'பெலிகனை' எடுத்துக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டான்.

டிசம்பர் மாதம், பகல் இரண்டு மணி. குன்றின் மேலிருந்த வீட்டின் சமையலறையில் எய்னோவின் அம்மா வெர்னா நீமி ஏலக்காய் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். பிசைந்துகொண்டிருந்தாள் என்பது பேருக்குத்தான். கை மாவில், கண் ஜன்னலில், காது ரேடியோவில். ஜன்னலுக்கு நேர் கீழே முகத்துவாரம். இரண்டு பக்கமும் கடலுக்குள் நீண்ட கல்தடுப்புகள், நடுவில் கப்பல் போகிற வழி. ஆற்றுத் தண்ணீர் வெளியே ஓடுகிற நேரம் அது. வெளியே ஓடுகிற தண்ணீரும் உள்ளே வருகிற பேரலையும் மோதிக்கொண்டு, மணல்திட்டின் மேல் சுவர் சுவராக எழுந்து உடைந்தன. நாலு மணிக்கு ஓட்டம் நின்றுவிடும், அப்புறம் குழந்தைகூட உள்ளே வரலாம். ஆனால் மூன்றரைக்கெல்லாம் தெற்கிலிருந்து புயல் வந்துவிடும் என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார்கள். வெளியே நின்ற ஆறு நண்டுப் படகுகளுக்கும் இரண்டே வழி. இப்போதே உடைகிற அலையில் நுழைய வேண்டும், அல்லது ராத்திரி முழுக்கப் புயலில் கிடந்து சாக வேண்டும்.

"துணை வேணுங்கிற படகுங்க கேக்கலாம்," என்றது ரேடியோ, மூன்றாவது தடவையாக. நிலையத்திலிருந்து பேசியது அதன் தலைவர், சீஃப் ருவேலஸ். இந்த ஊருக்கு வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது, நல்ல மனிதர்.

தெற்கத்திப் படகுகள் இரண்டு கேட்டன. அந்நியர்களுக்கு என்ன மானம் போகிறது? உள்ளூர்ப் படகு ஒன்றுகூட வாயைத் திறக்கவில்லை. பிறகு யாரோ ஒருத்தன், "ஏய் 'பெலிகன்', உனக்கும் ஒரு தாதியம்மாவை அனுப்பச் சொல்லவா?" என்றான். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

"எதுக்கு? எங்கப்பா ஓட்டின தண்ணிடா இது," என்றது எய்னோவின் குரல். "ரெண்டே முக்காலுக்கு நான் நேரா உள்ள வரேன். நீ வேணா தாதியம்மாவைக் கூட்டிக்கோ."

மறுபடி சிரிப்பு. வெர்னா கடிகாரத்தைப் பார்த்தாள்.

கதவை இடித்துத் திறந்துகொண்டு மருமகள் லூபே உள்ளே வந்தாள். நண்டுத் தொழிற்சாலையிலிருந்து ரப்பர் பூட்ஸோடு அப்படியே ஓடி வந்திருந்தாள். முகம் வெளிறிக் கிடந்தது.

"கேட்டீங்களா அத்தை? கேட்டீங்களா அவர் பேசினதை?"

"கேட்டேன். உக்காரு."

"உக்காந்தா? இன்ஜின் சரியில்ல அத்தை. நேத்து ராத்திரியே போன்ல சொன்னார், டீசல்ல தண்ணி கலந்திருக்கு, இருமி இருமி ஓடுதுன்னு. யார்கிட்டயும் சொல்லாதேன்னார். நானும் மூடிக்கிட்டு இருந்தேன், பாவி."

வெர்னாவின் கை மாவிலேயே நின்றுவிட்டது. இன்ஜின் நின்றால் படகு குறுக்கே திரும்பும். குறுக்கே திரும்பிய படகை அடுத்த அலை கவிழ்க்கும். எத்தனை படகு அப்படிப் போயிருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். நாற்பத்தெட்டு என்பது ஊர் வைத்திருக்கும் கணக்கு. வீட்டில் வேறொரு கணக்கு இருந்தது, ஆர்வோ குடித்துவிட்டு மட்டும் சொல்வது: பத்தொன்பது. அவர் போய்ச் சேர்வதற்குள் போய்விட்டவர்கள். அந்தப் பத்தொன்பதில் துணை கேட்டவன் ஒருத்தன்கூட இல்லை.

மாவுக் கையோடு போனை எடுத்தாள். எய்னோவின் போன் மணியே அடிக்கவில்லை. நிலையத்தைக் கூப்பிட்டாள்.

"சீஃப், நான் வெர்னா. என் பையன் படகுல இன்ஜின் சரியில்ல. அவனுக்குத் துணை அனுப்புங்க."

"மிஸஸ் நீமி, நானே ரெண்டு தடவை கேட்டாச்சு. இன்ஜின் எப்படி இருக்குன்னும் கேட்டேன். எல்லாம் சுகம்னுட்டார்."

"பொய் சொல்றான்."

"இருக்கலாம். என்கிட்ட ஒரே ஒரு படகுதாம்மா தண்ணில இருக்கு. இன்னொண்ணை மராமத்துக்குக் கழட்டிப் போட்டிருக்கோம். கேட்டவங்க ரெண்டு பேர் காத்துக்கிட்டிருக்காங்க. வேண்டாம்னு சொன்னவருக்கு அனுப்பிட்டு, கேட்டவங்க முழுகிட்டா நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு அவங்க வீட்டு வாசல்ல போய் நிக்கிறது?"

"இப்ப அவனே கேட்டா?"

"இன்ஜின் கோளாறுன்னு அவர் வாயால சொல்லட்டும். முதல் ஆளா அவரைக் கூட்டிட்டு வருவேன். ஆனா அவர் சொல்லணும்."

போனை வைத்தாள். இரண்டு இருபத்தைந்து. லூபே ஜன்னலில் முகத்தை அழுத்திக்கொண்டு, ஸ்பானிய மொழியில் மாதாவைக் கூப்பிட ஆரம்பித்தாள்.

ரேடியோவின் பக்கத்தில் ஒலிவாங்கி தொங்கியது. ஆர்வோ மாட்டிவைத்தது. கரையிலிருந்து அதில் பேசுவது சட்டவிரோதம். அவரே பேசியதில்லை, பேசவும் விட்டதில்லை. வெர்னா அதைக் கையில் எடுத்தாள்.  பட்டனில் மாவு அப்பிக்கொண்டது.

"'பெலிகன்', 'பெலிகன்'. எய்னோ, அம்மா பேசறேன்."

 பிறகு எவனோ, "ஐயையோ, அம்மா வந்துட்டாங்கடா," என்றான்.

"அம்மா, சேனலை விடு," என்றான் எய்னோ. நாற்பத்தொரு வயசுக் கேப்டன். அந்த மூன்று வார்த்தையில் பதினாலு வயசுக்கு இறங்கிவிட்டான்.

"விடறேன். துணை வேணும்னு கேளு, விடறேன்."

"அம்மா, எல்லாரும் கேட்டுட்டிருக்காங்க."

"கேக்கட்டும். இன்ஜின் இருமுதுன்னு அவங்ககிட்ட சொல்லு."

"அதெல்லாம் சரி பண்ணியாச்சு. அப்பா இருந்தா இப்படித்தான் ரேடியோல வந்து என் மானத்தைக் கப்பலேத்துவாரா? அப்பா எந்த நாள்ல துணை கேட்டார்? சொல்லு பாப்போம்."

 ஆர்வோ எந்த நாளிலும் கேட்டதில்லை. மீட்புப் படகை ஓட்டிய நான், மீட்புப் படகைக் கூப்பிடுவதா என்பார். ஒன்பது வருஷம் அவள் இதே ஜன்னலில் நின்று பார்த்திருக்கிறாள். ஊரும் பார்த்திருக்கிறது. உண்மையைச் சொன்னால் பையன் செத்தான்.

"கேட்டார்," என்றாள்.

லூபே திரும்பிப் பார்த்தாள்.

"ரேடியோல கேட்டா இந்த எருமைங்க சிரிக்கும்னு, போன்ல கேப்பார்," என்றாள் வெர்னா. பொய் வருகிற வேகத்தைக் கண்டு அவளுக்கே பயமாக இருந்தது. "உங்கப்பா உள்ள வரப்போ எல்லாம் மீட்புப் படகு வெளிய பயிற்சிக்குன்னு நிக்குமே, எல்லாரும் பாத்திருக்கீங்கல்ல? பயிற்சின்னா நெனச்சீங்க? ஆர்வோ நீமி போன் பண்ணி வரவழைச்ச துணை அது. அலை உடையற நாள்ல அவர் துணை இல்லாம ஒரு தடவைகூட உள்ள வந்ததில்ல. போதுமா? இப்ப எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. சிரிக்கிறவன் சிரிச்சுக்கோங்க."

பட்டனை விட்டாள். சாப்பாட்டு அறைப் படம், தெருப் பேர், முப்பது வருஷத்துப் பெருமை, எல்லாவற்றையும் நடுத்தெருவில் போட்டு உடைத்தாயிற்று. யாரும் சிரிக்கவில்லை. 

ஆனால் அது பொய் என்று தெரிந்த ஆள் ஒருத்தர் அந்த அலைவரிசையில் இருந்தார். ஹால்வர். 'ஆஸ்ட்ரிட்' படகுக்குச் சொந்தக்காரர், எழுபது தாண்டியவர். சொந்தப் படகு வாங்குவதற்கு முன்னால் ஆர்வோவோடு அந்த ஒன்பது வருஷமும் 'பெலிகன்' தளத்தில் நின்றவர். கிழவருக்கு வாய் கொஞ்சம் நீளம். யாராவது கதை விட்டால் நாலு பேர் முன்னால் பிடித்து மடக்குவதில் அவருக்கு ஒரு அலாதி சந்தோஷம்.

"ஹால்வர்," என்றான் எய்னோ.  "நீங்க எங்கப்பா கூட இருந்தீங்க. அம்மா சொல்றது நிஜமா?"

ரேடியோ இரைந்தது. வெர்னா கண்ணை மூடிக்கொண்டாள். கிழவா, கிழவா, இந்த ஒரு தடவை மட்டும், என்று உள்ளுக்குள் கெஞ்சினாள்.

ஹால்வர் தொண்டையைக் கனைக்கிற சத்தம் கேட்டது.

"நிஜமாவா? நாந்தானப்பா நம்பர் போட்டுக் குடுப்பேன். உங்கப்பனுக்குக் கண்ணாடி இல்லைன்னா போன்ல ஒண்ணும் தெரியாது. எட்டுக்கும் மூணுக்கும் வித்தியாசம் தெரியாம ஒரு தடவை பீட்சாக் கடைக்கே போட்டுட்டார்."

வெர்னா மேஜையைப் பிடித்துக்கொண்டாள். லூபே, "கேளுங்க, கேளுங்க, கேளுங்க," என்று ஜன்னலைப் பார்த்து முணுமுணுத்தாள்.

இரண்டு முப்பத்தைந்து. இரண்டு முப்பத்தாறு. ரேடியோவில் வெறும் இரைச்சல்.

"ஆல்டர் பே நிலையம்," என்றான் எய்னோ கடைசியில். "'பெலிகன்' பேசறேன். டீசல்ல தண்ணி. இன்ஜினை நம்ப முடியாது. எனக்குத் துணை வேணும்."

"'பெலிகன்', கேட்டுச்சு," என்றார் சீஃப் உடனே. "படகுல எத்தனை உயிர்?"

"மூணு."

"மூணு பேரும் மிதவை உடுப்பு போட்டிருக்கீங்களா?"

 "இப்ப போடறோம்."

போடவில்லை! இவ்வளவு நேரம் அதுகூடப் போடாமல் நின்றிருக்கிறார்கள். "வரட்டும், கொன்னுடறேன்," என்றாள் லூபே, அழுதுகொண்டே.

மீட்புப் படகு கல்தடுப்பைத் தாண்டி வெளியே போனது. எதிரில் வந்த அலையில் அதன் மூக்கு வானத்தைப் பார்த்து நிமிர்ந்து, தொபீரென்று விழுந்தது. அதை ஓட்டியது ஒரு பெண். லூபேயைவிடச் சின்னவளாகத்தான் இருப்பாள், குரல் மட்டும் ரேடியோவில் நிதானமாக வந்தது. "'பெலிகன்', அங்கேயே நில்லுங்க. பெரிசா மூணு வருது. போகட்டும்."

முதல் அலை மணல்திட்டில் உடைந்தது. இரண்டாவது அதைவிட உயரமாக உடைந்தது. மூன்றாவது உடைந்தபோது வீட்டு ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"இப்ப. வாங்க. நிக்காதீங்க, பின்னால பாக்காதீங்க."

வெர்னா தொலைநோக்கியைக் கண்ணில் வைத்தாள்.  'பெலிகன்' கறுப்புப் புகையைக் கக்கிக்கொண்டு வந்தது. பின்பக்கத்தில் நண்டுக் கூண்டுகள் மலையாக அடுக்கியிருந்தன. மீட்புப் படகு அதன் இடது பக்கம், கொஞ்சம் பின்னால். கால்வாசி தூரம். பாதி தூரம். "வா கண்ணு, வா, வா," என்றாள்.

புகை நின்றது.

லூபே மாமியாரின் தோளைப் பிடித்தாள், நகம் பதிந்தது. 'பெலிகன்' வேகம் குறைந்து, மெதுவாக, மிக மெதுவாகக் குறுக்கே திரும்ப ஆரம்பித்தது. அதற்குப் பின்னால் அடுத்த அலை எழும்பத் தொடங்கியிருந்தது.

"கயிறு போடறேன், மூக்குக்கு வாங்க!" என்றது அந்தப் பெண்ணின் குரல். நிதானம் போகவில்லை, வேகம் மட்டும் கூடியிருந்தது. மீட்புப் படகு பாய்ந்து முன்னால் போனது. ஒரு கயிறு பறந்து போய்த் தண்ணீரில் விழுந்தது. 'பெலிகன்' முன்தளத்தில் மஞ்சள் உடுப்பில் ஒருத்தன் குப்புற விழுந்து, எழுந்தான். அது எய்னோவா? தெரியவில்லை. இரண்டாவது கயிறு பறந்தது. மஞ்சள் உடுப்பு அதன் மேல் மொத்தமாக விழுந்து பிடித்தது. கட்டினானா? கட்டுவதற்குள் அலை வந்துவிட்டது.

வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. வெர்னா தொலைநோக்கியை இறக்கினாள். ஆர்வோ கடலுக்குப் போன நாளெல்லாம் இந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டு ஒன்று, இரண்டு என்று எண்ணுவாள். இன்றைக்கு எண் வரவில்லை.

வெள்ளைக்குள்ளிருந்து முதலில் மீட்புப் படகின் ஆரஞ்சு வந்தது. அதன் பின்னால் ஒரு கயிறு, விறைத்து நேராக. கயிற்றின் நுனியில் 'பெலிகன்', கூண்டுகள் பாதி போய், ஜன்னல் உடைந்து, மூக்கைக் கரைப் பக்கம் திருப்பிக்கொண்டு வந்தது.

"மூணு உயிரும் இருக்கு," என்றது பெண்குரல். "உள்ள வந்துட்டோம்."

லூபே அப்படியே தரையில் உட்கார்ந்து, மாவுப் பாத்திரத்தை மடியில் கவிழ்த்துக்கொண்டு, வாய்விட்டு அழுதாள். வெர்னா அழவில்லை. ஒலிவாங்கியை அதன் கொக்கியில் மாட்டப் பார்த்தாள். மாட்ட முடியவில்லை, நாலு தடவை நழுவியது.

"ஆல்டர் பே நிலையம், 'ஆஸ்ட்ரிட்' பேசறேன்," என்றது ஹால்வரின் குரல். "படகுல நாலு உயிர். இன்ஜின் ஒண்ணாங்கிளாஸா இருக்கு. ஆனாலும் எனக்குத் துணை வேணும். எவனாவது சிரிச்சா, கரைக்கு வந்து பல்லை எண்ணிக் கையில குடுப்பேன்."

யாரும் சிரிக்கவில்லை. அடுத்த படகும் கேட்டது. அதற்கடுத்ததும் கேட்டது. கடைசிப் படகு உள்ளே நுழைந்து பத்து நிமிஷத்தில் மழையும் காற்றும் பேயாக இறங்கின.

மாமியாரும் மருமகளும் துறைமுகத்துக்குப் போனபோது எய்னோவை நிலையத்து ஆட்கள் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். லூபே நேராக அந்தக் கும்பலுக்குள் புகுந்து, புருஷன் நெஞ்சில் இரண்டு குத்து விட்டு, பிறகு அதே நெஞ்சில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். சீஃப் ருவேலஸ் வெர்னாவைப் பார்த்து, "கரையிலேர்ந்து அந்தச் சேனல்ல பேசக் கூடாதும்மா," என்றார்.

"கேஸ் போடுங்க."

"போடறதாத்தான் இருந்தேன். ரேடியோல அந்த நேரம் ஒரே இரைச்சல், யார் குரல்னே பிடிபடல," என்று சொல்லிவிட்டு அவர் நகர்ந்தார்.

மழையில் ஹால்வர் வந்து அவள் பக்கத்தில் நின்றார். 

"ஒன்பது வருஷம் அந்த ஆள்கூட நின்னேன்," என்றார் ஹால்வர். "கேளுய்யான்னு நானே ரெண்டு தடவை சொல்லிருக்கேன்."

"நான் ரெண்டாயிரம் தடவை சொல்லிருக்கேன். செத்தும் என்னைப் பொய் சொல்ல வச்சுட்டார் பாரு," என்றாள் வெர்னா. கோபம் மூண்டு வந்தது, மூன்று வருஷமாக வராத கோபம். "எனக்காக ஒரே ஒரு தடவை கேட்டிருக்கலாம், ஹால்வர். ஒரே ஒரு தடவை."

"பீட்சாக் கடை விஷயம் மட்டும் நிஜம்," என்றார் கிழவர். அவள் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

எய்னோ வந்தான். நெற்றியில் கண்ணாடி கீறி ரத்தம் உறைந்திருந்தது. அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் அவள் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றான். திட்டப்போகிறான் என்று வெர்னா தயாரானாள். திட்டட்டும். அவன் வாயிலிருந்து இன்றைக்கு எது வந்தாலும் அவளுக்குச் சரி.

"அம்மா," என்றான். "அப்பாவுக்குப் பயமா இருந்துச்சா?"

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. 'பெலிகன்' கடலுக்குக் கிளம்புகிற காலைகளில் ஆர்வோ குளியலறைக் கதவைத் தாழிட்டு, குழாயை முழுக்கத் திறந்துவிட்டு, உள்ளே வாந்தி எடுப்பார். சத்தம் வெளியே கேட்காது என்று நினைத்துக்கொண்டிருந்தார். ஒன்பது வருஷமும் அவள் கேட்காத மாதிரியே காப்பி போட்டாள். துணை கேட்டதாகச் சொன்ன பொய்யை அவள் திருத்தவில்லை, சாகும்வரை திருத்தப்போவதும் இல்லை. ஆனால் இந்தக் கேள்விக்குப் பொய் தேவைப்படவில்லை.

"இருந்துச்சுடா. ஒவ்வொரு தடவையும்."

எய்னோ தலையாட்டினான். தாடை ஆடியது. மழை முகத்தில் வழிந்ததால் மற்றவர்களுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது.

"எனக்கும்தாம்மா," என்றான்.